தட்டு பார்ப்பது மரத்தையா, வானத்தையா?



தோட்டத்து லயமானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும், இன்று நம்மவர் வீட்டுக் கூரையோரத்தில் ஒரு தட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறது. மாதக் கட்டணத்தையும் தவறாமல் கட்டிவருகிறோம். ஆனால் நாள் முழுதும் உழைத்துக் களைத்து வந்து தொலைக்காட்சியின் முன் உட்காரும்போது, படம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்து நின்றால் எப்படியிருக்கும்? உடனே யார்மேலாவது பழி போடுகிறோம். மழையின்மேல், டிகோடர்மேல், கடைசியில் அடுத்த வீட்டு மரத்தின்மேல்! காரணம் அறியாமல் காசை இழந்தவர்களும் உண்டு. அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே இதைப் பற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பழைய ஏரியல் வேறு, இந்தத் தட்டு வேறு

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28-ஆம் நாள். அக்காலத்து ஏரியலை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பத்தைத் திருப்ப ஒருவர், சன்னலோரம் ஒருவர், பெட்டியின் முன் ஒருவர். “இப்பத் தெரியுதா?” “இன்னும் கொஞ்சம் திருப்பு!” என்று லயமே அதிரும். படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்தாலும் முகம் தெரியும், நாமும் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பழைய முறை ஒளிபரப்பு 2019-இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது.

துணைக்கோளத் தொலைக்காட்சி இலக்க முறையில் இயங்குவது. அலை ஓரளவு குறையும் வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிக் குறைந்தால் படமே இராது. இடைநிலை என்பது மிகக் குறைவு. மேலும், அலையைப் பிடிக்க டிகோடருக்குச் சில விநாடிகள் ஆகும். அதனால் தட்டைச் சரசரவென்று திருப்பிக்கொண்டே கூவும் பழைய பழக்கம் இதற்குச் சற்றும் உதவாது.

எங்கே இருக்கிறது அந்தத் துணைக்கோளம்?

நம் நாட்டின் முதல் துணைக்கோளமான மீசாட்-1, 1996 ஜனவரி 13-ஆம் நாள் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ சேவையும் தொடங்கியது. முதல் கோளத்தின் காலம் முடிந்து, பின்னர் வேறு பல வந்துவிட்டன. 2022 ஜூனில் மீசாட்-3டி ஏவப்பட்டது. ஆனால் அவை நிற்கும் இடம் அதேதான்: நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில். பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால், நமக்கு அது ஆணியடித்தாற்போல் ஓரிடத்திலேயே நிற்கிறது.

கோலாலம்பூரில் நின்றுகொண்டு மேற்கு நோக்குங்கள். முகத்தைச் சிறிதே தெற்குப் பக்கம் திருப்புங்கள். அடிவானம் 0 பாகை, உச்சிவானம் 90 பாகை என்றால், துணைக்கோளம் இருப்பது ஏறத்தாழ 77 பாகையில். அதாவது கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே! தீபகற்பத்தின் மற்ற ஊர்களிலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. சபா, சரவாக் மாநிலங்கள் கிழக்கே தள்ளியிருப்பதால் அங்குத் தட்டு மேற்கே இன்னும் சற்றுத் தாழ்ந்து நிற்கும்.

மாமரத்து வழக்கு

இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. வீட்டுத் தட்டின் முகம் அவ்வளவு உயரத்தைப் பார்ப்பதாகத் தெரியாது. எதிரே உள்ள மரத்தின் உச்சியைப் பார்ப்பதுபோல் தோன்றும். காரணம் அதன் அமைப்பு. எல்.என்.பி. என்னும் அந்தச் சிறு கருவி, தட்டின் நடுவுக்கு நேராக இல்லாமல் கீழ்ப்புறத்துக் கையில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே முகம் காட்டும் திசையைவிட 20, 25 பாகை மேலேயிருந்து வரும் அலைகளைத்தான் தட்டு வாங்குகிறது.

எங்கள் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டார் இருவர், ஒரு மாமரத்தை முன்னிட்டு ஓராண்டு காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “உங்கள் மரம் மறைக்கிறது, வெட்டுங்கள்” என்றார் ஒருவர். “என் தகப்பனார் நட்ட மரம், வெட்ட மாட்டேன்” என்றார் மற்றவர். மரமோ தட்டிலிருந்து 20 அடி தள்ளி நின்றது. ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் பாகைமானியைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னேன். 77 பாகைக் கோட்டை மறைக்க வேண்டுமானால், ஓரடி தூரத்துக்கு நான்கடிக்கு மேல் உயரம் வேண்டும். 20 அடி தூரத்தில் உள்ள மரம், தட்டின் மட்டத்துக்கு மேல் 80 அடிக்கும் கூடுதலாக வளர்ந்திருக்க வேண்டும்! அந்த மாமரம் அப்படியா வளர்ந்திருந்தது?

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் சூரியனே சாட்சி சொல்லும். மார்ச் 20-ஐ ஒட்டிய சில நாள்களிலும், செப்டம்பர் 24-ஐ ஒட்டிய சில நாள்களிலும், பிற்பகல் 2 மணி வாக்கில் சூரியன் துணைக்கோளம் நிற்கும் திசையைக் கடந்து செல்கிறது. அப்போது தட்டின்மேல் வெயில் முழுதாக விழுந்தால் மரம் நிரபராதி. நிழல் விழுந்தால் அந்தக் கிளைதான் குற்றவாளி. இரு வீட்டாரையும் நிற்க வைத்துப் பார்த்தோம். தட்டில் வெயில் பளபளத்தது. பிறகு தேடியதில், கேபிள் முனையில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தது தெரிந்தது. மாமரம் பிழைத்தது, பேச்சுவார்த்தையும் மீண்டது.

அந்த நாள்களில், அதே நேரத்தில் சில நிமிடம் படம் மங்குவதும் உண்டு. சூரியனின் அலைகள் குறுக்கிடுவதே காரணம். அதற்காக யாரையும் அழைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

உண்மையில் பார்க்க வேண்டியது, தட்டின் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் கிளையையும், நம் வீட்டுக் கூரையின் நீட்டத்தையும்தான். நனையாமல் இருக்கட்டும் என்று தட்டைக் கூரைக்கு அடியில் பொருத்தினால், நாமே அதன் கண்ணைக் கட்டிவிட்டவர்கள் ஆவோம்.

குறி தவறாமை

60 சென்டிமீட்டர் தட்டின் ஒரு விளிம்பு ஒரே ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் குறி ஒரு பாகை விலகிவிடும். வானம் தெளிவாக உள்ளபோது அது தெரியாது. மழை வந்தால் முதலில் போவது உங்கள் வீட்டுப் படம்தான். எனவே கம்பம் செங்குத்தாகவும் ஆடாமலும் இருக்க வேண்டும். தட்டில் குரங்கு தொங்குவதும், துணிக்கொடி கட்டுவதும் ஆகாது.

டிகோடரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு அளவுக் கோடுகள் இருக்கும். ஒன்று வலிமை, மற்றொன்று தரம். வலிமை உயர்ந்திருந்து தரம் இல்லையென்றால் பயனில்லை. திருத்தும்போது இம்மியளவு அசைத்து, கையை எடுத்துவிட்டுச் சில விநாடி காத்திருந்து, தரக் கோட்டைப் பாருங்கள். முதலில் இட வலம், பிறகு மேல் கீழ், இறுதியாக எல்.என்.பி.யின் சுழற்சி. தரம் உச்சத்தில் நிற்கும்போது திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

தண்ணீரும் கேபிளும்

பெரும்பாலான கோளாறுகள் கேபிளில்தான். வெளியில் உள்ள இணைப்புகளுக்கு நீர் புகாத நாடா சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றே தொங்க விட்டால், மழைநீர் அதன் வழியே உள்ளே வராமல் அந்த வளைவில் சொட்டிவிடும். கேபிளை மடக்கி முறிக்காதீர்கள். துண்டு துண்டாக ஒட்டுப் போடாதீர்கள். வெயிலில் எல்.என்.பி.யின் மூடி வெடித்திருந்தாலோ, குளவி கூடு கட்டியிருந்தாலோ அதையும் கவனியுங்கள்.

மழையை என்ன செய்வது?

இந்த அலைகளின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர்தான். மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. நம் நாட்டு மாலை நேரப் பெருமழைக்கு முழுத் தீர்வு கிடையாது. குறி சரியாக இருந்தால் படம் தாமதமாகப் போகும், சீக்கிரம் திரும்பும். 90 சென்டிமீட்டர் தட்டின் பரப்பு 60 சென்டிமீட்டர் தட்டைப்போல் இரண்டேகால் மடங்கு என்பதால், அது இன்னும் தாக்குப்பிடிக்கும். இடிமின்னல் தொடங்குமுன்பே மின்சாரச் செருகியையும் தட்டுக் கேபிளையும் கழற்றிவிடுவதே அறிவுடைமை.

உயிர் பெரிது

வாசகர்களே, இறுதியாக ஒன்று. பழைய வீடுகளின் கல்நார்க் கூரை ஆள் பாரம் தாங்காது. நனைந்த தகரம் வழுக்கும். பக்கத்தில் மின்கம்பி ஓடலாம். நாடகத்தின் ஒரு நாள் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மகனை மழையில் கூரைமேல் ஏற்றாதீர்கள். தரையில் நின்று செய்யக்கூடியதை நீங்களே செய்யுங்கள்; மற்றதற்குத் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். அவர் வரும்போது, தரக் கோடு எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டு, நாளோடு குறித்து வையுங்கள். மறுமுறை கோளாறு வந்தால், அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு யார்மேல் பழி என்று முடிவு செய்யலாம்.