பூசணத்தைத் தட்டிவிட்டு நாய்க்குப் போடாதீங்க!

‘கேழ்வரகு மாவில் வீட்டிலேயே நாய்க்கு பிஸ்கட் செய்கிறோம். நாலாம் நாளே பூசணம் பிடிக்கிறது. தட்டிவிட்டுப் போடலாமா?’ மழைக்காலம் வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

போடவே கூடாது. கடலை, மக்காச்சோளம், மாவுப் பண்டங்களில் வளரும் சிலவகைப் பூசணங்கள் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்கும். துடைத்தாலும், மறுபடி வறுத்தாலும் அது போகாது. நாயின் கல்லீரலைத்தான் முதலில் தாக்கும். தீனி எடுக்காது, வாந்தி எடுக்கும், ஈறும் வெண்விழியும் மஞ்சளாகும். மஞ்சள் ஏறிய பிறகு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பிழைப்பது கஷ்டம். வீணாகிறதே என்று மாட்டுக்கும் வைக்காதீர்கள். கறவை மாடு தின்றால் நச்சு பாலிலும் இறங்கும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

பிஸ்கட் கெடுவதற்குக் காரணம் உள்ளே தங்கும் ஈரம். வடகம், வத்தல் போட்டுப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவு, ஒரு முட்டை, பிசையத் தேவையான தண்ணீர் போதும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசித்துச் சேர்த்தால் நாய் விரும்பித் தின்னும், ஆனால் ஈரம் கூடும். அதைச் சேர்த்தால் கொஞ்சமாகச் செய்யுங்கள். சப்பாத்தி கனத்துக்குத் தேய்த்து, விரல் அகலத்துக்கு நறுக்கி, தோசைக்கல்லில் சிறுதீயில் இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். பிறகு மெல்லிய துணி மூடி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். ஒடித்தால் ‘படக்’கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.

‘கருவாடு கெடுவதில்லையே, உப்பைக் கூட்டினால் என்ன?’ என்பார்கள். அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது. மஞ்சள் தூள் தூவினாலும் ஈரம் போய்விடாது. வெங்காயம், பூண்டு எந்த வடிவிலும் வேண்டாம். அவை நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

கோழி ஈரலில் செய்வதானால் பச்சையாக வெயிலில் வைக்காதீர்கள், ஈ மொய்க்கும். நன்றாக வேகவைத்து, மெல்லிசாக நறுக்கி, கல்லில் சுருள வாட்டி எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும். அதற்குமேல் என்றால் ஃப்ரீசர்தான்.

பிஸ்கட் முழுக்க ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, ஒரு நாள் கவனியுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் திரும்ப வெயிலுக்கு எடுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மீதியைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதி ஃப்ரீசரில் போடுங்கள். வெளியே எடுத்த பொட்டலத்தைக் குளிர் விட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும். உடனே பிரித்தால் காற்றிலுள்ள ஈரம் பிஸ்கட்டில் படியும். பால் கறந்த ஈரக்கையை பாட்டிலுக்குள் விடுவதும் அதே தப்புதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்ப முடியாது. அந்த இரண்டு மாதமும் ஒரு டம்ளர் மாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.