“அவ அப்படிப்பட்ட ஆளே இல்லை, சார்!”
அட்டை விளையாட்டு ரசிகர்களிடமிருந்து பண்புநலன் வினாவுக்கு ஒரு பாடம்

பண்புநலன் வினா என்றாலே நம் மாணவர்கள் பலருக்கும் ஒரு பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. அன்பானவர், பொறுமைசாலி, விடாமுயற்சி உடையவர். ஒவ்வொன்றுக்கும் கீழே கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எழுதினால் விடை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால், “இறுதியில் கதைமாந்தர் எடுத்த முடிவு அவருடைய பண்புக்குப் பொருந்துகிறதா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக” என்று கேட்டுவிட்டால் பேனா நின்றுவிடுகிறது.

என் உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன் இப்படிப்பட்ட வினாவுக்கு இரண்டே வரிகள் எழுதியிருந்தான். “பொருந்தவில்லை. எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.” பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு வரி! அன்றே இடைவேளையில் உணவகத்தில் அவன் நண்பர்களோடு சண்டை போடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தான். மேசை மேல் வண்ண வண்ண அட்டைகள். ஆங்கிலமும் தமிழும் கலந்துதான் பேச்சு. “அவ அப்படிச் செய்யற ஆளே இல்லைடா. முன்னாடி கதையில அவ என்ன பண்ணினான்னு படிச்சியா இல்லையா?” பழைய கதையிலிருந்து சான்று காட்டினான், இன்னொரு பாத்திரத்தோடு ஒப்பிட்டான், நண்பன் மறுத்ததற்குப் பதிலும் வைத்திருந்தான். காலையில் விடைத்தாளில் நான் தேடிய எல்லாமே அங்கே இருந்தன.

அந்த விளையாட்டைப் பற்றி நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதன் ரசிகர்கள் கதைமாந்தரைப் பற்றி எழுப்பும் புகார்கள் நம் வகுப்புக்கு நேரடியாகவே உதவும் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அட்டைக்குள் ஒரு பாத்திரம்

விளையாட்டின் பெயர் ‘மேஜிக்: தி கேதரிங்’. ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்தது. ‘விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. விளையாடுபவர் ஒரு மந்திரவாதி; கையில் இருக்கும் அட்டைகள் அவருடைய மந்திரங்கள். அட்டைகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதை நாவலாகவும் இணைய அத்தியாயங்களாகவும் வெளிவருகிறது.

இந்த விளையாட்டில் ஐந்து நிறங்கள் உண்டு. ஒவ்வொரு நிறமும் ஒரு மனப்போக்கு. வெள்ளை ஒழுங்கையும் சமூகத்தையும் குறிக்கும். நீலம் அறிவு. கறுப்பு தன்னலமும் பேராசையும். சிவப்பு உணர்ச்சியும் சுதந்திரமும். பச்சை இயற்கையும் வளர்ச்சியும். ஆக, ஒரு பாத்திரத்தின் அட்டை எந்த நிறம் என்று பார்த்தாலே அவருடைய குணத்தில் பாதி தெரிந்துவிடும். மீதியை ஓவியமும், அட்டையின் ஆற்றலும், அடியில் சாய்வெழுத்தில் வரும் ஓரிரு வரிகளும் சொல்லிவிடும்.

2007-இல் ‘பிளேன்ஸ்வாக்கர்’ என்ற புதுவகை அட்டைகள் வந்தன. உலகம் விட்டு உலகம் தாவக்கூடிய மந்திரவாதிகளை அப்படி அழைக்கிறார்கள். அதற்குப் பிறகு இந்தக் கதைமாந்தர்களே விளையாட்டின் முகம் ஆனார்கள்.

நாவல் படிக்கும் வாசகர் பாத்திரத்தை வெளியே நின்று பார்க்கிறார். இங்கோ ரசிகர் அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்து விளையாடியிருக்கிறார். அவரால் வென்றிருக்கிறார், தோற்றிருக்கிறார். “நம்ம ஆளு” என்ற உரிமை அதனால் வருகிறது. கதை அந்த ஆளைத் தவறாகக் காட்டிவிட்டது என்று தோன்றினால் கோபம் வராமல் இருக்குமா?

இரண்டு மரணங்கள், இரண்டு விதமான வரவேற்பு

எல்ஸ்பெத் என்ற வீராங்கனை 2008-இல் அறிமுகமானாள். வெள்ளை நிறம். தனக்கென்று ஒரு வீடு, அமைதியான ஓர் இடம் வேண்டும் என்று உலகம் உலகமாகத் தேடுபவள். 2013-இல் தொடங்கிய ‘தேரோஸ்’ கதையில், கிரேக்கப் புராணங்களின் சாயலில் அமைந்த ஓர் உலகத்துக்கு வருகிறாள். ஹீலியோட் என்ற கதிரவன் தெய்வத்தின் வீராங்கனையாகிறாள். தெய்வநிலைக்கு உயர்ந்துவிட்ட செனாகோஸ் என்ற எதிரியை அழிக்கிறாள். வேலை முடிந்ததும் அதே ஹீலியோட் அவளைக் கொன்றுவிடுகிறார். 2014-இல் கதை இப்படி முடிந்தது.

ரசிகர்கள் பலருக்கு மனம் ஆறவில்லை. “விசுவாசமாக இருந்தவளுக்கு இதுதான் பரிசா?” என்றார்கள். வேறு சிலர் மறுத்தார்கள்: கிரேக்கப் புராணத்தில் தெய்வங்கள் பொறாமைப்படுவதும் மனிதர்களைப் பகடைக்காயாக ஆக்குவதும் வழக்கம்தானே, இந்த உலகத்துக்கு இந்த முடிவுதான் பொருத்தம் என்றார்கள்.

இப்போது இன்னொரு மரணம். கிடியோன் என்ற வீரனும் வெள்ளை நிறத்தவன். அவன் பிறந்ததே அதே தேரோஸ் உலகத்தில்தான். எந்த ஆயுதமும் அவன் உடலைத் தீண்டாது. இளம் வயதில் இறுமாப்போடு பாதாள தெய்வத்தின் மீதே ஈட்டியை எறிகிறான். அது திருப்பப்பட்டு அவன் தோழர்கள் உயிரிழக்கிறார்கள், அவன் மட்டும் பிழைக்கிறான். இந்த முன்கதை 2015-இல் வந்தது. 2019-இல் ‘வார் ஆஃப் தி ஸ்பார்க்’ போரில், லிலியானா என்ற கறுப்பு மந்திரக்காரி தன் எஜமானுக்கு எதிராகத் திரும்புகிறாள். ஒப்பந்தத்தை மீறிய குற்றத்துக்காக அவள் உடல் அழியத் தொடங்குகிறது. கிடியோன் தன் உடலைக் காத்துவந்த ஆற்றலை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவளுக்குப் பதிலாகத் தான் இறக்கிறான்.

இங்கேயும் ரசிகர்கள் வருந்தினார்கள். ஆனால், “கிடியோன் இப்படிச் செய்யமாட்டான்” என்று சொல்வது கடினம். தோழர்கள் சாக, தான் மட்டும் பிழைத்த குற்றவுணர்வு அவனுக்குள் எப்போதும் இருந்தது. அன்று யாரையும் காக்க முடியாமல் போன அதே ஆற்றலை இன்று இன்னொருவருக்குக் கொடுக்கிறான். இந்த முடிவுக்கான விதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது.

மாணவர்களே, இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். எல்ஸ்பெத்தின் மரணம் அவள் எடுத்த முடிவு அன்று. பிறர் அவளுக்குச் செய்தது. கிடியோனின் மரணம் அவனே தேர்ந்தெடுத்தது. பண்புநலன் பற்றிய வினாவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: நடந்தது பாத்திரத்தின் செயலா, பாத்திரத்துக்கு நேர்ந்ததா? எல்ஸ்பெத்தின் கதையில் ஆராய வேண்டியது ஹீலியோட்டின் பண்பு. “பாவம், இறந்திருக்கக் கூடாது” என்பது நம் இரக்கம். அது தவறில்லை. ஆனால் அது மட்டுமே விடை ஆகாது.

எல்ஸ்பெத் 2020-இல் பாதாள உலகத்திலிருந்து மீண்டு வந்தாள். ஹீலியோட்டை வென்றும் காட்டினாள். ரசிகர்களுக்கு மகிழ்ச்சிதான். இருந்தாலும் ஒரு குறை. அந்தக் கதை முழு அத்தியாயங்களாக வரவில்லை. நிகழ்ச்சிகளின் சுருக்கமாகத்தான் வந்தது. அவள் என்ன செய்தாள் என்பது தெரிந்தது, அவளுக்குள் என்ன நடந்தது என்பதை உணர முடியவில்லை. வகுப்பில் ‘சொல்லுதல்’, ‘காட்டுதல்’ என்று நாம் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது இதைத்தானே!

சில வரிகள் கிளப்பிய புயல்

சந்திரா நாலார் என்பது இன்னொரு பாத்திரம். பெயர் நிலவு, வேலை நெருப்பு! சிவப்பு நிறத்தவள், நினைத்ததை உடனே செய்துவிடுபவள். அவளுடைய சொந்த உலகமான ‘கலாதேஷ்’ இந்தியப் பண்பாட்டின் சாயலில் அமைந்தது; அதை மையமாகக் கொண்ட அட்டைத் தொகுப்பு 2016-இல் வந்தது. அந்த ஆண்டின் கதைகளில் நிஸ்ஸா என்ற அமைதியான பச்சை நிறப் பெண்ணுக்கும் இவளுக்கும் ஒரு நெருக்கம் மெல்ல மெல்ல வளர்ந்தது. அது நட்பைத் தாண்டிய அன்பு என்று ரசிகர்கள் பலர் புரிந்துகொண்டார்கள். அப்படிப் புரிந்துகொள்ளும்படிதான் கதையும் குறிப்புகளைத் தந்துகொண்டிருந்தது.

2019 நவம்பரில் கிரெக் வைஸ்மன் எழுதிய நாவல் ஒன்று வெளிவந்தது. அதில் சில வரிகள் அந்த அன்பு அப்படிப்பட்டது அன்று, சந்திராவுக்கு அத்தகைய நாட்டமே இருந்ததில்லை என்ற பொருளில் அமைந்திருந்தன. பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. நிறுவனமே தவற்றை ஒப்புக்கொண்டு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. பிறகு 2023-இல் வந்த கதையில் இருவரின் காதல் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது.

இதைப் பற்றி அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம். நாம் இங்கே பார்க்க வேண்டியது வாதத்தின் வடிவத்தை. “நான் ஆசைப்பட்டது நடக்கவில்லை” என்பது ஒரு புகார். “நீங்களே மூன்று ஆண்டுகளாக எழுதிக் காட்டியதை இப்போது நீங்களே இல்லை என்கிறீர்கள்” என்பது வேறு புகார். முதலாவது விருப்பம். இரண்டாவது பனுவலிலிருந்து சான்று காட்டும் திறனாய்வு. பலரும் முன்வைத்தது இரண்டாவதைத்தான். அதனால்தான் அதைத் தள்ளிவிட முடியவில்லை.

மாறுவதும் மாற்றப்படுவதும்

நிஸ்ஸாவின் கதையும் சுவையானது. 2009, 2010-இல் வந்த கதைகளில் அவள் தன் இனமே உயர்ந்தது என்ற செருக்குடையவள். 2015-இல் அவளுடைய இளமைக் கதை புதிதாக எழுதப்பட்டது. அதில் அவள் இயற்கையின் குரலைக் கேட்கக்கூடிய, ஒதுக்கப்பட்ட, கூச்சமுள்ள பெண். புதிய நிஸ்ஸா சிலருக்குப் பிடித்திருந்தது. குறைகளோடு இருந்த பழைய நிஸ்ஸாவே உயிருள்ளவள் என்று வேறு சிலர் ஏங்கினார்கள்.

பாத்திர வளர்ச்சி என்றால், செருக்குள்ள பெண் அடிபட்டு, உணர்ந்து, பணிவுள்ளவளாக மாறுவதை நாம் காண வேண்டும். இங்கே நடந்ததில் பெரும்பகுதி அதுவன்று. முன்கதையையே மாற்றி எழுதியது. “கதைமாந்தர் எவ்வாறு மாறுகிறார்?” என்ற வினாவுக்கு விடை எழுதும்போது தொடக்கநிலை, திருப்பம், இறுதிநிலை மூன்றையும் காட்டுங்கள் என்று நாம் வலியுறுத்துவது இதற்காகத்தான். திருப்பம் இல்லாவிட்டால் அது வளர்ச்சி இல்லை.

விடைத்தாளில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

வகுப்பில் நான் மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதிவைக்கிறேன்.

1. விதை: இந்தச் செயலுக்கான குறிப்பு கதையில் முன்பே எங்காவது இருக்கிறதா?
2. நெருக்கடி: எந்தச் சூழல் அவரை இந்த முடிவுக்குத் தள்ளியது?
3. விலை: இதைச் செய்ததால் அவர் எதை இழந்தார்? தெரிந்தே இழந்தாரா?

கிடியோனை எடுத்துக்கொண்டு ஒரு சாதாரண விடையைப் பாருங்கள்.

“கிடியோன் தியாக உள்ளம் கொண்டவன். அவன் லிலியானாவுக்காக உயிரை விட்டான். எனவே அவன் நல்லவன்.”

மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகு அதே மாணவன் எழுதக்கூடியது இது.

“கிடியோனின் முடிவு அவன் பண்புக்குப் பொருந்துகிறது. இளமையில் அவனுடைய இறுமாப்பால் தோழர்கள் இறக்க, அவன் மட்டும் பிழைத்தான். அந்தக் குற்றவுணர்வே பிறரைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவனுக்குள் வளர்த்தது. போரில் லிலியானா அழியத் தொடங்கியபோது யோசிக்க நேரமில்லை. தன்னைக் காக்கும் ஆற்றலைக் கொடுத்தால் தான் இறப்போம் என்று தெரிந்தே கொடுத்தான். லிலியானா பல தவறுகள் செய்தவள், அவளுக்காக உயிர் விடுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். ஆனால் தகுதி பார்த்து உதவுவது அவன் இயல்பன்று. எனவே இந்த முடிவு அவன் பண்பின் உச்சமாகவே அமைகிறது.”

கடைசி மூன்று வாக்கியங்களைக் கவனித்தீர்களா? மறுப்பை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி அதற்குப் பதிலும் தரப்பட்டிருக்கிறது. உணவகத்து மேசையில் நம் பிள்ளைகள் தினமும் செய்வது இதுதான். தாளில் எழுதத்தான் தயங்குகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

ரசிகர்களிடமிருந்து கற்றுக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. முதலாவது, கதாசிரியரைத் திட்டுவது திறனாய்வு ஆகாது. “ஆசிரியருக்கு எழுதத் தெரியவில்லை” என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் வராது. “இந்த மாற்றத்துக்கான காரணத்தை ஆசிரியர் போதிய அளவு காட்டவில்லை” என்று எழுதிச் சான்று காட்டினால் வரும். இரண்டாவது, எனக்குப் பிடித்த பாத்திரம் தோற்றுவிட்டார் என்பதால் அது தவறான படைப்பு ஆகிவிடாது. நல்லவருக்குக் கெட்டது நடப்பதைக் காட்டுவதே சில கதைகளின் நோக்கமாக இருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். உங்கள் மாணவர்கள் இந்த விளையாட்டை ஆடாமல் இருக்கலாம். வேறொரு தொடரோ, படமோ, காமிக்ஸோ அவர்களிடம் இருக்கும். “எந்தப் பாத்திரத்தைக் கெடுத்துட்டாங்கன்னு உனக்குக் கோபம்?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேச விடுங்கள். பேசி முடித்ததும், “இப்ப சொன்னதை அப்படியே எழுது” என்று தாளை நீட்டுங்கள்.

என் மாணவனிடம் நான் அதைத்தான் செய்தேன். ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தான். லகர ளகரப் பிழைகள் ஏராளம். ஆனால் “பிடிக்கவில்லை” என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. அடுத்த வாரம் பாடநூல் கதைக்கு அதே மூன்று கேள்விகளைப் போட்டு எழுதச் சொன்னேன். “சார், இதுவும் அதே மாதிரிதானா?” என்று கேட்டான்.

அதே மாதிரிதான்.