நார் ஓடும் திசை

முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் நோட்டுகளைப் பிரிக்கும் வேலை தொடங்கிவிடும். அக்காவுடையது, என்னுடையது, பக்கத்து வீட்டு அண்ணனுடையது என்று ஒரு வருஷத்துப் பழைய நோட்டுகள் குவிந்து கிடக்கும். நடுப்பக்கத்தில் இருக்கும் பின்களை அப்பா கத்திமுனையால் நிமிர்த்தி எடுத்துத் தருவார். எழுதாத தாள்களை மட்டும் நாங்கள் உருவுவோம். கோடு போட்டது, போடாதது, கட்டம் போட்டது எல்லாம் ஒன்றாய்க் கலந்து அடுக்கி, கோணி ஊசியால் துளையிட்டு, முறுக்கிய நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டினால் அடுத்த வருஷத்துக்கு ரஃப் நோட்டு தயார்.

ஒரு வருஷம் பழைய நோட்டுகள் போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த ஏ4 தாள்களை அப்பா எங்கிருந்தோ ஒரு கட்டு கொண்டுவந்தார். அவற்றைக் குறுக்கே பாதியாய் மடித்து, வழக்கம்போலத் தைத்தோம். பார்க்க மற்ற நோட்டுகளைவிட அழகாக இருந்தது. ஆனால் திறந்து வைத்தால் நிற்காது. ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுத வேண்டும். கையை எடுத்தால் பக்கங்கள் எழும்பி மூடிக்கொள்ளும். "புதுசு இல்லையா, பழகினா படிஞ்சிடும்" என்றார் அப்பா. வருஷம் முடிந்து, அட்டை கிழிந்த பிறகும் அது படியவே இல்லை.

அதற்கான காரணம் எனக்குத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பைண்டிங் கடையில் என் புத்தகத்தை வாங்கிப் பார்த்த முதியவர், தைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து இப்படியும் அப்படியும் லேசாக வளைத்துப் பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்குறேன் தம்பி" என்றார். காகிதத்துக்கு ஒரு திசை உண்டு என்று நான் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெரிய அளவுச் செய்தித்தாள் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். அளவுகோல் வைத்ததுபோல நேராகக் கிழியும். அதே தாளை இடமிருந்து வலமாகக் கிழித்துப் பாருங்கள். நான்கு விரற்கடை போவதற்குள் கிழிசல் கோணிக்கொண்டு ஓரத்துக்கு ஓடிவிடும். இரண்டுமே அதே தாள், கிழித்ததும் அதே கைதான். நாரோடு போகும்போது வழி கிடைக்கிறது, நாரைக் குறுக்கே அறுக்கும்போது கிடைப்பதில்லை.

காகிதம் என்பது உண்மையில் ஒரு தாவரநார்ப் படலம். மரமோ, மூங்கிலோ, கரும்புச் சக்கையோ, எதுவாக இருந்தாலும் அதை வேகவைத்துப் பிரித்தால் மெல்லிய நார்கள் கிடைக்கும். ஊசியிலை மரங்களின் நார் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம். தைலமரம், கரும்புச் சக்கை போன்றவற்றின் நார் அதில் பாதிகூட இராது. கரூர் மாவட்டம் புகழூர் அருகே காகிதபுரத்தில், கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாக வைத்தே தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை எழுந்தது. சாறு பிழிந்து எறியும் சக்கைதான் அங்கே பள்ளிப்பிள்ளையின் கைக்கு வரும் வெள்ளைத் தாளாகிறது.

அந்த நார்களை ஏராளமான தண்ணீரில் கலக்குகிறார்கள். கூழ் என்று பெயரே தவிர, ஆலையின் வலைமேல் பாயும் அந்தக் கலவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வலைமேல் அது கொட்டப்படும்போது தண்ணீர் கீழே வடிந்துவிடும், நார்கள் மேலே தங்கிவிடும். வாய்க்காலில் வைக்கோல் மிதந்து வருவதைப் பார்த்திருப்போம். ஓட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே துரும்புகள் தலைநீட்டும். வலைமேல் நடப்பதும் அதுவே. பெரும்பாலான நார்கள் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. இந்த ஓடும் வலையைக் கண்டுபிடித்து 1799இல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் லூயி நிக்கோலா ராபர்ட். அதற்குப் பணம் போட்டு வளர்த்த லண்டன் வணிகர்களான ஃபூர்ட்ரினியர் சகோதரர்களின் பெயர்தான் இயந்திரத்துக்கு நிலைத்தது. அதற்கு முன் கைச்சல்லடையில் காகிதம் முகந்தவர்கள் சல்லடையை நாலாபக்கமும் குலுக்கி எடுத்ததால், அந்தத் தாளில் திசை அவ்வளவு தெரியாது. ஒரு திசையில் அழுத்தமாக ஓடும் நார் இயந்திரக் காகிதத்தோடு வந்தது.

இனி நோட்டுக்கு வருவோம். கோரைப்பாயை எப்படிச் சுருட்டுகிறோம்? கோரைகள் ஒன்றுகூட மடியாமல், அவை கிடக்கும் வாக்கிலேயே பாய் உருளும். அதே பாயை மறுபக்கமாகச் சுருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கோரையும் வளைய மறுத்து முரண்டு பிடிக்கும். நோட்டின் முதுகும் இப்படித்தான். நார் முதுகுக்கு இணையாக ஓடினால், பக்கம் புரளும்போது நார்களுக்கு இடையில்தான் வளைவு விழும். தாள் தளர்ந்து படியும். நார் முதுகுக்குக் குறுக்கே ஓடினால், பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான குச்சிகளை வளைக்கிறோம். கையை எடுத்தவுடன் அவை நிமிரப் பார்க்கும்.

கடையில் வாங்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டில், அதாவது 297 மில்லிமீட்டர் பக்கத்துக்கு இணையாக ஓடும். அதைக் குறுக்கே பாதியாக மடித்தால் மடிப்பு விழுவது 210 மில்லிமீட்டர் பக்கத்துக்கு இணையாக. நாருக்கு நேர் குறுக்கே. அப்பா தைத்த நோட்டு ஏன் கடைசிவரை படியவில்லை என்பது அந்தக் கடைவாசலில் நிற்கும்போதே எனக்கு விளங்கியது. அவருடைய தையலில் குறையே இல்லை.

ஏ4 என்ற அளவிலேயே ஒரு அழகு உண்டு. நீளத்தை அகலத்தால் வகுத்தால் இரண்டின் வர்க்கமூலம் வரும். அந்த விகிதத்தில் இருக்கும் தாளைப் பாதியாக்கினாலும் விகிதம் மாறாது. 1786இல் ஜெர்மானிய அறிவியலாளர் லிச்டன்பெர்க் ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1922இல் அது ஜெர்மனியின் தர அளவாயிற்று. 16 ஏ4 தாள்களைப் பரப்பினால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். தாள் கட்டின்மேல் 70 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால் அந்தப் பதினாறு தாள்களும் சேர்ந்து 70 கிராம் எடை என்று பொருள். பாதியாக்க ஆக்க உருவம் அப்படியே இருக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் நார், நெடும்பக்கம், குறும்பக்கம் என்று ஒவ்வொரு தடவையும் மாறி மாறி அமைகிறது.

வழி இதிலேயே இருக்கிறது. ஏ4 தாளை மடிக்காமல் குறுக்கே வெட்டி இரண்டு ஏ5 ஆக்குங்கள். இப்போது நார் ஏ5இன் குட்டைப் பக்கத்துக்கு இணையாக இருக்கும். அந்த ஏ5ஐ மறுபடி பாதியாக மடித்தால் மடிப்பு நாரோடேயே விழும். சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு கிடைக்கும், திறந்தால் படியவும் செய்யும். எட்டு ஏ4 தாளில் 64 பக்கம். கையில் இருக்கும் தாளில் நார் எப்படி ஓடுகிறது என்று சந்தேகமா? ஓரத்தில் ஒரு சிறு சதுரம் வெட்டி, நீளவாட்டைப் பென்சிலால் குறித்து, தட்டில் தேங்கிய தண்ணீர்மேல் மெதுவாக வையுங்கள். ஈரம் பட்ட அடிப்புறம் உப்பி, சதுரம் குழலாகச் சுருளும். குழல் எந்த வாக்கில் நீண்டிருக்கிறதோ அதுதான் நாரின் திசை. நார் ஈரம் குடித்தால் நீளத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் நீளாது. பருமனில் இருபது பங்குகூட உப்பிவிடும். அதனால்தான் இந்தச் சுருட்டல்.

மடிக்கும்போது நகத்தால் தேய்க்காமல் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பாக அழுத்துங்கள். மடித்த பதினாறு தாள்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நடுவே திறந்து, மடிப்புக்கோட்டில் மூன்று துளை போடுங்கள். ஒன்று நடுவில், மற்ற இரண்டும் மேலும் கீழும். ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். இப்போது நூலின் இரு முனைகளும் உள்பக்கம் நடுத்துளையில் இருக்கும். மேலிருந்து கீழே ஓடும் நீண்ட நூல் அவற்றுக்கு நடுவில் கிடக்க, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முனை வரும்படி இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். அந்த நீண்ட நூலை முடிச்சு கவ்விக்கொள்வதால் தையல் நழுவாது. நூலை முதுகின் வாக்கில் இழுத்து இறுக்குங்கள். செங்குத்தாக மேல்நோக்கி இழுத்தால் துளை கிழிந்துவிடும்.

இப்படி ஒன்றுக்குள் ஒன்று செருகிய தாள்கட்டின் பெயரை நாம் தினமும் கடையில் சொல்கிறோம். ஒரு குயர் நோட்டு, இரண்டு குயர் நோட்டு என்று கேட்கிறோமே, அந்தக் குயர் லத்தீனில் 'நான்கு நான்காக' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. நான்கு தாளைச் சேர்த்து மடித்ததைக் குறித்த பெயர், பிறகு 24 தாளுக்கு அளவாகி, நம்மூர்க் கணக்கு நோட்டின் தடிமனுக்குப் பெயராகி நின்றுவிட்டது. நமக்கு மடித்துத் தைக்கும் பழக்கம் பிந்தி வந்தது. பனையோலையில் நார் ஒரே திசையில் அழுத்தமாக ஓடுகிறது. குறுக்கே மடித்தால் முறியும். அதனால் ஓலையை மடிக்காமல் அடுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தார்கள், சுவடி பிறந்தது.

தைத்து முடித்த கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரம் சமமாக இராது. நடுத்தாள்கள் மூக்குபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் வெளித்தாள் உள்ளே இருக்கும் பதினைந்தையும் சுற்றி வளைய வேண்டியிருப்பதால், அதன் அகலத்தில் கொஞ்சம் முதுகிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஓரம் பிதுங்கும். கத்தியால் சீவிவிட்டால் நடுப்பக்கம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறுகலாகிவிடும். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஒரு சாடிக்குள் கிடைத்த பாப்பிரஸ் நூல்களில் பெரும்பாலானவை இப்படி ஒரே கட்டாய் மடித்துத் தைத்தவை. அவற்றிலும் நடுப்பக்கங்கள் குறுகலாகவே இருக்கின்றன. அவற்றின் தோல் அட்டைகளை விறைப்பாக்க உள்ளே என்ன வைத்து ஒட்டியிருந்தார்கள் தெரியுமா? வேண்டாம் என்று கழித்த பழைய ரசீதுகள், கடிதங்கள். ஓர் அட்டைக்குள் இருந்த கழிவுத்தாளில் கி.பி. 348ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருந்ததால், அந்த நூலை அதற்கு முன் கட்டியிருக்க முடியாது என்று தெரியவந்தது. எங்கள் காலண்டர் அட்டைகள் நினைவுக்கு வர, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அட்டை ஒட்ட மைதாப் பசையே போதும். ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். வெகுநேரம் பால்போல வெள்ளையாக நீர்த்தே இருக்கும். 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி வெடித்துப் பிசுபிசுப்பாகும். கலவை கண்ணாடிபோல மங்கித் தெளிந்து கரண்டியைப் பிடிக்கும். அந்த நொடிக்காகவே நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

இந்தப் பசை காகிதத்தை ஏன் இவ்வளவு விரும்பிப் பற்றுகிறது? இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மாவுச்சத்தும் நாரின் செல்லுலோஸும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையைக் கோத்த சங்கிலிகள்தான். கோக்கும் விதத்தில்தான் வேறுபாடு. மாவுச்சத்தில் மணிகள் ஒரே பக்கமாகத் திரும்பிச் சங்கிலி சுருள்கிறது. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நேர்க்கோடாக நீள்கிறது. சோற்றை மென்றால் இனிக்கிறது, காகிதத்தை மென்றால் இனிப்பதில்லை. நம் எச்சில் முதல் கோப்பை அவிழ்க்கும், இரண்டாவதை அவிழ்க்காது. இராமபாணப் பூச்சிக்கு இரண்டையும் அவிழ்க்கத் தெரியும். அது பழைய புத்தகத்தின் முதுகைத் தேடிவந்து அரிப்பது இதனால்தான். பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதும் அதைத் தடுக்கத்தான். அது விஷம், பிள்ளைகளோடு செய்யும்போது வேண்டாம்.

பசை தடவிய தாள் அட்டையில் காயும்போது சுருங்கி அட்டையை வில்லாக இழுக்கும். உள்பக்கமும் ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று அடக்கும். அட்டை, மேல்தாள், உள்தாள் எல்லாவற்றிலும் நார் முதுகுவாட்டில் ஓடட்டும். இரவு முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

போன மே மாதம் மகளோடு உட்கார்ந்து அப்படி ஒன்று செய்தேன். காலையில் பாரத்தை நீக்கி எடுத்து, நடுப்பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தோம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தாள்.

"அப்பா, இது மூடிக்கவே இல்லையே" என்றாள்.