கடையாணியைக் கவனியுங்கள்!

தூத்துக்குடிச் சீமையில் கோயில் கொடை என்றால் பல ஊர்களில் மாட்டு வண்டிப் பந்தயமும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி ஆலய விழாவையொட்டி நடக்கும் பந்தயத்தைக் காணச் சாலையின் இருமருங்கிலும் ஜனங்கள் திரண்டு நிற்பார்கள். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று மாடுகளைத் தரம் பிரித்து ஓட விடுகிறார்கள். தூரத்தை இன்றைக்கும் "போக வர 8 மைல்" என்று மைல் கணக்கில் சொல்வதுதான் வழக்கம்.

கூட்டத்தின் பார்வை முழுவதும் காளைகளின் மேல் இருக்கும். ஆனால் அனுபவசாலியான சாரதி பந்தயத்துக்கு முன் குனிந்து பார்ப்பது சக்கரத்தின் நடுவே இருக்கும் ஒரு சிறிய இரும்புத் துண்டைத்தான். அதுதான் கடையாணி! அது கழன்றால் சக்கரம் ஒரு பக்கம் ஓடும். வண்டி ஒரு பக்கம் சாயும். சாரதியின் உயிருக்கும் மாடுகளின் காலுக்கும் ஆபத்து. வள்ளுவர் வினைத்திட்பத்தை விளக்க வந்த இடத்தில், பெரிய தேருக்குச் சிறிய அச்சாணியை உவமை காட்டியது காரணத்தோடுதான்.

சுழல்வது எது?

மாட்டு வண்டியில் அச்சு சுழல்வதில்லை. வண்டியின் அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டையோடு அது இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு முனைகளும் உருட்டாக, வெளிப்புறம் போகப் போகச் சற்றே ஒடுங்கி இருக்கும். அந்த முனையில்தான் சக்கரத்தின் குடம் மாட்டப்பட்டுச் சுழல்கிறது. குடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் ஒரு துளை. அதில் கடையாணி.

ஆணியை மேலிருந்து கீழாகச் செருகுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அச்சு சுழலாததால் ஆணியின் தலை எப்போதும் மேலேயே இருக்கும். ஆணியின் சொந்தக் கனமே அதைத் துளைக்குள் உட்கார வைத்துவிடும். ஆனாலும் பந்தய வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் துள்ளுமே? அதற்காகக் கீழ்நுனியில் கம்பியோ தோல் வாரோ கட்டிவிடுவது நல்லது.

குடத்துக்கும் ஆணிக்கும் நடுவே சிறிது இடம் விட வேண்டும். இடமே இல்லாவிட்டால் சக்கரம் உரசும். அந்தப் பாரத்தை இழுப்பது பாவம், மாடுதான். இடம் அதிகமானால் சக்கரம் ஆடும். ஆணி அடிபட்டுத் தேயும். ஒரு தட்டு வளையம் கூட்டியோ குறைத்தோ இதைச் சரி செய்கிறார்கள்.

கழற்றுவதும் ஒரு கலை

முதலில் எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு கட்டை அவிழ்த்து, ஆணியைக் கீழிருந்து மேலாகத் தட்டினால் வந்துவிடும்.

கடற்கரை ஊர்களில் இது அவ்வளவு சுலபமல்ல. உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. அப்போது மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துப் பொறுமையாகத் தட்ட வேண்டும். அவசரப்பட்டு அச்சின் நுனியைச் சம்மட்டியால் அடித்தால் நுனி மழுங்கிப் பிதுங்கும். பிறகு குடம் அதன் வழியே வெளியே வராது.

சக்கரம் வந்ததும் பழைய மசியையும் மணலையும் துடைத்துப் புது மசி தடவ வேண்டும். அந்த நாளில் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து இந்த மசியைத் தயாரித்தார்கள். இன்று கிரீஸ் வந்துவிட்டது. சில வண்டிகளில் பேரிங்கும் மறையும் கூட வந்துவிட்டன. ஆனால் மறை கழலாமல் இருக்க அதற்கும் ஒரு பின் வேண்டியிருக்கிறதே!

குழந்தைகளின் பந்தயம்

பனை மரங்கள் நிறைந்த திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்துச் சிறுவர்களுக்கு வேறொரு பந்தய வண்டி உண்டு. நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் குத்தி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். இங்கே கதை தலைகீழ்! கூந்தலும் குச்சியும் சேர்ந்து சுழல்கின்றன; கவட்டை மட்டும் சுழலாமல் நிற்கிறது. அதனால் ஆணி தேவையில்லை, குச்சி இறுக்கமாக இருந்தால் போதும். ரெயில் வண்டியின் சக்கரமும் அச்சும் இப்படித்தான் ஒன்றாகச் சுழல்கின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில், 1953-ம் ஆண்டு டான் மர்பி என்பவர் சாரணச் சிறுவர்களுக்காகச் சிறு மரக் கார் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். பைன் மரக்கட்டையே கார். அதில் அடிக்கும் ஆணியே அச்சு. ஆணியின் தலையே கடையாணி. வேகத்துக்குக் காரீயகத் தூள் தடவுகிறார்கள். ஆணியைப் பிடுங்க வேண்டுமானால் மெல்லத் திருகியபடி நேராக இழுக்க வேண்டும். அசைத்து இழுத்தால் துளை பெரிதாகி, மறுபடி ஆணி நிற்காது.

வாயில்லா ஜீவனுக்காக

2014-ம் ஆண்டு மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை விதித்தது. பிறகு தமிழ்நாடு, மராட்டியம், கர்நாடகம் ஆகிய மாநிலங்கள் கொண்டு வந்த சட்டத் திருத்தங்கள் செல்லும் என்று 2023-ம் ஆண்டு மே 18-ந் தேதி அரசியல் சட்ட பெஞ்சு தீர்ப்பளித்தது. இந்த வழக்குகளில் எழுந்த முக்கியக் கேள்விகளில் ஒன்று: மாடு துன்பப்படுகிறதா?

அந்தக் கேள்விக்குச் சாரதி சொல்லக்கூடிய முதல் பதில் அச்சில் இருக்கிறது. மசியிட்ட அச்சு மாட்டின் பாரத்தைக் குறைக்கும். சரியாகச் செருகிய கடையாணி அதன் காலைக் காக்கும். சாட்டையைத் தேடும் முன் கடையாணியைப் பாருங்கள்!