நீர்க்கடுப்பா? “சூடு” என்று விட்டுவிடாதீர்கள்!



கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் வாய்விட்டுப் பேசுகிறோம். ஆனால் “ஒன்னுக்குப் போனா எரியுது”ன்னு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காவிடம்கூடச் சொல்வதில்லை. “சூடு புடிச்சிருக்கு, இளநீர் குடிச்சா சரியாயிடும்” என்று விட்டுவிடுகிறோம். மற்ற நேரத்திலேயே இது தவறு. வயிற்றில் குழந்தை இருக்கும்போது ஆபத்து.

நமக்கு ஏன் அதிகம் வருகிறது?

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சின்னது. சுமார் 4 செ.மீ. தான். மலம் போகும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் கிருமி சுலபமாக ஏறிவிடும்.

நம் திருவண்ணாமலை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பிடுங்குவது என்று காலையில் போனால் சாயந்திரம்தான் வீடு. ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகும்போதும் இதே கதைதான். சிறுநீர்ப் பையில் தேங்கி நிற்கும் நீரில் கிருமி பெருகும்.

கர்ப்பத்தில் எது சகஜம்?

முதல் மூன்று மாதம் அடிக்கடி சிறுநீர் வருவது சகஜம். சிறுநீரகம் அதிகம் வேலை செய்கிறது, கர்ப்பப்பையும் சிறுநீர்ப் பையை அழுத்துகிறது. நடுவில் சற்றுக் குறையும். கடைசி மாதங்களில் குழந்தையின் தலை கீழே இறங்கும்போது திரும்ப வரும். இருமினால், தும்மினால் ஒரு சொட்டு கசிவதும் உண்டு. இதற்குப் பயப்பட வேண்டாம்.

எது சகஜம் இல்லை?

1. சிறுநீர் போகும்போது எரிச்சல், கடுப்பு
2. சொட்டுச் சொட்டாகப் போவது, போய் வந்ததும் திரும்ப வருவது போல் இருப்பது
3. கலங்கல், கெட்ட வாடை, ரத்தம்
4. அடிவயிற்று வலி
5. குளிர் காய்ச்சல், விலாவில் அல்லது இடுப்புக்கு மேல் முதுகில் வலி, வாந்தி

முதல் நான்கில் எது இருந்தாலும் அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐந்தாவது வந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். உடனே போக வேண்டும். வண்டி இல்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கவனிக்காவிட்டால் குறை மாதப் பிரசவம் ஆகலாம், குழந்தை எடை குறைவாகப் பிறக்கலாம். தாயின் உயிருக்கும் ஆபத்து.

அடக்க முடியாமல் தண்ணீர் போல் வந்துகொண்டே இருந்தால், அது சிறுநீராக இல்லாமல் பனிக்குட நீராக இருக்கலாம். அப்போதும் தாமதிக்காதீர்கள்.

எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கும்

100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். கர்ப்பத்தில் சிறுநீர் வரும் குழாய்கள் தளர்ந்து நீர் மெதுவாக இறங்குவதால், அது சிறுநீரகத்துக்கு ஏறிவிடக்கூடும். அதனால்தான் பரிசோதனை தேவை. “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு யூரின் டெஸ்ட்?” என்று கேட்காதீர்கள். அதே சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். பிரஷர் பிரச்சினைக்கும் சர்க்கரை நோய்க்கும் அறிகுறி இருந்தால் முன்கூட்டியே தெரியவரலாம்.

சிறுநீர் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடியுங்கள்.

மாத்திரை சாப்பிடலாமா?

“புள்ளத்தாச்சி மாத்திரை சாப்பிடக் கூடாது” என்று மாமியார் சொல்லலாம். டாக்டர் கர்ப்பத்துக்கு ஏற்ற மாத்திரையாகப் பார்த்துத்தான் தருவார். தொந்தரவு தெரியாமல் கிருமி இருந்தாலும் 7 நாள் மாத்திரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கூறியுள்ளது. இரண்டு நாளில் எரிச்சல் போனாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். இளநீர், நீர்மோர், பார்லித் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் அவை கிருமியைக் கொல்லாது.

கர்ப்பத்துக்கு முன்பே

அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறவர்கள், குழந்தைக்குத் திட்டமிடும்போதே சிறுநீரும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். அடக்காதீர்கள். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். கணவருடன் சேர்ந்த பிறகு சிறுநீர் கழித்துவிடுங்கள். பருத்தி உள்ளாடை அணியுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. உங்கள் குழுவில், தெருவில் உள்ள கர்ப்பிணிகளின் பெயரை எழுதி வையுங்கள். ஒருவர் துணையாகப் போங்கள். பஸ் செலவுக்குச் சங்கத்தில் அவசரக் கடன் கொடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் நான்கு குச்சி நட்டு, பழைய புடவையைக் கட்டினாலே ஒதுங்க ஒரு மறைப்பு ஆகிவிடும். அதை ஊக்குநரே முன்நின்று செய்யலாம்.

அடுத்த கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியரை அழைத்து இதைப் பேசுங்கள். ஒருத்தி வாய் திறந்தால் பத்துப் பேர் சொல்வார்கள்.

வெட்கம் வேண்டாம். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்!