அணைக்க மறந்த பற்றாசுக் கோல்

வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடைக்குச் சென்றிருக்கிறீர்களா? மேசை மீது ஒரு சுருள் கம்பித் தாங்கியில் பேனாவைப் போன்ற கருவி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதுதான் பற்றாசுக் கோல். கடையில் 'சால்டரிங் அயன்' என்று கேட்டால்தான் தருவார்கள். மின்னணுவியலில் ஆர்வமுள்ள மாணவர்கள் பலர் இன்று வீட்டிலேயே இதை வைத்திருக்கிறார்கள்.

2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்போது ஒரு மாலை நேரம், நான் ஒரு பழைய ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொண்டிருந்தேன். மின்சாரம் நின்றது. கோலை முக்காலியின் மேல், பக்கத்தில் கிடந்த துடைக்கும் துணியில் சாய்த்து வைத்துவிட்டுக் காற்றாட வெளியே போனேன். போனவன் நண்பரைக் கண்டதும் பேச்சில் ஆழ்ந்துவிட்டேன். சுவிட்சை அணைத்தேனா என்ற நினைவே எழவில்லை. மின்சாரம் இல்லாத கோல் குளிர்ந்த இரும்புத் துண்டு தானே!

மின்சாரம் திரும்ப வந்தபோது அறையில் யாரும் இல்லை. ஏதோ கருகும் வாடை வருகிறது என்று என் தாயார் போய்ப் பார்த்திருக்கிறார். தீச்சுடர் இல்லை, புகைதான். துணி பாதி சாம்பலாகியிருந்தது. முக்காலிப் பலகையில் விரல் நுழையும் அளவுக்குக் கருகிய குழி. அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நான் திருத்துவதற்காகக் கொண்டு வந்திருந்த மாணவர்களின் செய்முறைப் பதிவேடுகள் அடுக்கப்பட்டிருந்தன.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதைவிடப் பெரிய வெட்கம் வேண்டுமா? ஆனால் அந்தக் குழி எனக்குச் சில கணக்குகளைப் போடக் கற்றுக் கொடுத்தது.

என் கோல் 25 வாட் திறன் உடையது. 25 வாட் என்பது மிகக் குறைவு அன்றோ என்று தோன்றலாம். வகுப்பில் சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது! அதில் கால் பங்குதான் இந்தக் கோல். பிறகு ஏன் நாம் பெஞ்சைக் கருக்குவதில்லை? நம் உடலின் வெப்பம் ஒன்றரைச் சதுர மீட்டருக்கும் மேலான தோல் பரப்பின் வழியே வெளியேறுகிறது. கோலின் வெப்பமோ சில சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாகவே வெளியேற வேண்டும். எனவே அந்தச் சிறு பரப்பு மிக உயர்ந்த வெப்பநிலையை எட்டினால்தான் கணக்கு நேராகும்.

எந்தக் கணக்கு? உள்ளே வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சமமாகும் கணக்கு. இதையே வெப்பச் சமநிலை என்கிறோம். கோலைப் போட்டவுடன் வெப்பநிலை விரைவாக ஏறுகிறது. ஏற ஏற, வெப்பச்சலனத்தாலும் கதிர்வீச்சாலும் ஏற்படும் இழப்பும் கூடுகிறது. கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1879இல் ஸ்டெஃபான் கண்டறிந்தார். 300 கெல்வினில் உள்ள ஒரு பரப்பை 650 கெல்வினுக்குச் சூடாக்கினால் அது வெளியிடும் கதிர்வீச்சு 22 மடங்காகிறது. இப்படி 350 முதல் 400 டிகிரி செல்சியஸ் அளவில் கோலின் முனை நிலைகொள்கிறது. சாதாரணக் கோலில் வேறு கட்டுப்பாடு எதுவும் கிடையாது. இஸ்திரிப் பெட்டியிலாவது ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இங்கே சுற்றியுள்ள காற்றுதான் ஒரே காவல்.

அந்தக் காவலைத் துணியால் மூடினால் என்ன ஆகும்? வெப்பம் வெளியேற வழியில்லை. சமநிலைப் புள்ளி இன்னும் மேலே போகும். மரம் 200 டிகிரியைத் தாண்டும்போதே சிதைந்து கருகத் தொடங்கிவிடும். பருத்தித் துணியோ சுடரே இல்லாமல் உள்ளுக்குள் கனன்று கொண்டே பரவக் கூடியது. ஊதுபத்தி எரிவதைப் போல. ஒரு மணி நேரத்தில் அந்தக் கோல் கொட்டும் ஆற்றல் 90,000 ஜூல்.

"ஃப்யூஸ் போயிருக்க வேண்டாமா?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 25ஐ 230ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.11 ஆம்பியர். 5 ஆம்பியர் உருகு இழைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியும் அசையாது, கசிவுதான் இல்லையே! மின்சுற்றைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. மறதியைக் கண்டுபிடிக்கும் உருகு இழை கிடையாது. சூடான முனை தன் மின்கம்பியின் மீதே சாய்ந்து, பிளாஸ்டிக் உறை உருகி, குறுக்குச் சுற்று ஏற்பட்டால் ஃப்யூஸ் போகும். அதற்குள் யாராவது கம்பியைத் தொடாமல் இருக்க வேண்டும்.

நம் கண்ணும் உதவாது. சூடான பொருள் மங்கலாகச் சிவந்து தெரிவது ஏறத்தாழ 525 டிகிரியில்தான். 1847இல் டிரேப்பர் என்ற அறிஞர் இதை அளந்தார். 400 டிகிரிக் கோல் வெளிவிடுவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களையே. அதனால் குளிர்ந்த கோலும் கொதிக்கும் கோலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒன்றைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். நான் இப்போது ஒரே சுவிட்சில் இயங்கும் பல துளைப் பலகையில் கோலையும் ஒரு சிறு சிவப்பு விளக்கையும் சேர்த்தே செருகுகிறேன். விளக்கு எரிந்தால் கோலும் சூடு. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், பிளக்கைப் பிடுங்கி அறைச் சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிடுகிறேன். சாவியை எடுக்கும்போது பிளக் அங்கே இல்லையென்றால் திரும்பிப் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்!

மின்வெட்டுக்கு இன்னும் அழகான விடை நம் வயற்காட்டு மோட்டார்க் கொட்டகையில் இருக்கிறது. பம்புசெட் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் ஒரு மின்காந்தச் சுருள் தொடுமுனைகளை இழுத்துப் பிடித்துக் கொள்கிறது. மின்சாரம் நின்றால் சுருள் காந்தத் தன்மையை இழக்கும். வில் தொடுமுனைகளைப் பிரித்துவிடும். மின்சாரம் திரும்பினாலும் பொத்தானை மறுபடி அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. (நள்ளிரவில் வரும் மின்சாரத்துக்காக விவசாயிகள் இதற்கும் ஒரு தானியங்கியைப் பொருத்தியிருப்பார்கள், அது அவர்கள் தேவை.) இதே தத்துவத்தில் ஒரு ரிலேயும் அழுத்துப் பொத்தானும் கொண்டு பள்ளிப் பட்டறை மேசைக்கு ஒரு சுற்று அமைக்கலாம். 230 வோல்ட்டோடு விளையாடக் கூடாது. ஆசிரியரோ மின்பணியாளரோ உடனிருந்து செய்ய வேண்டிய வேலை இது.

அணைத்த பிறகும் கால் மணி நேரமாவது கோல் தாங்கியிலேயே இருக்கட்டும். கையில் சுட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவாதீர்கள். குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மேசையில் புகை கண்டால் முதலில் மெயின் சுவிட்சு, பிறகுதான் தண்ணீர். என் தாயாருக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் அன்று அவர் செய்தது சரியாக இந்த வரிசையில்தான்.