பயன் கருதாத ஆய்வின் பயன்: பேராசிரியர் ஓசுமியின் கல்விப் பணி

ஓர் ஆய்வினாற் பயன் யாது என்ற வினா, ஆய்வு தொடங்குமுன்னரே இன்று எழுப்பப்படுகின்றது. அதற்கு உடனடி விடை கூறவியலாத ஆய்வுகள் நிதியின்றி நின்றுபோவதுமுண்டு. இந்நிலையில், யப்பானியக் கலவியலறிஞர் யொஷினோரி ஓசுமியின் கல்வி வாழ்வை நாம் ஊன்றி நோக்குதல் பொருத்தமாகும்.

1945இல் பிறந்த ஓசுமி, 1974இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் ஆய்வு செய்து நாடு திரும்பினார். எனினும், இணைப்பேராசிரியராகித் தமக்கெனத் தனி ஆய்வுகூடம் அமைக்கும் வாய்ப்பு 1988இலேயே, 43ஆவது வயதில், அவருக்குக் கிட்டியது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் மதுவக் கலத்தின் புன்வெற்றிடமாகும். கழிவுகள் சேரும் இடமென்றே பலரும் அதனை ஒதுக்கியிருந்தனர். கலம் தன் கூறுகளையே உறையிட்டுச் சிதைத்து மீளப் பயன்படுத்தும் செயல் தன்னுண்ணல் எனப்படும். 1963இல் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்ரியன் டி டுவ் இதற்குப் பெயரிட்டிருந்தாரெனினும், இது நிகழும் முறை விளங்காதிருந்தது. மதுவத்திலும் இது நிகழக்கூடுமென ஓசுமி எண்ணினார்.

சிதைவு விரைந்து நிகழ்வதால் அதனைக் கண்டறிதல் கடினம். எனவே, சிதைக்கும் நொதியங்களற்ற மதுவக் கலங்களை எடுத்து, நைதரசன் வழங்காது பட்டினியிட்டார். சில மணி நேரத்திற் சிதையாத சிறு உருண்டைகள் புன்வெற்றிடத்தை நிறைத்தன. ஒளி நுணுக்குக்காட்டியிலேயே அவை தென்பட்டன. இம்முடிவு 1992இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டில், ஆயிரக்கணக்கான விகாரக் கலங்களை ஆராய்ந்து, இச்செயலுக்கு இன்றியமையாத 15 பரம்பரையலகுகளை இனங்கண்டமையை அவர் வெளியிட்டார்.

மனிதக் கலங்களிலும் இதையொத்த பொறிமுறையே இயங்குகின்றது என்பதும், அதன் குறைபாடு பார்க்கின்சன் நோய் முதலியவற்றோடு தொடர்புடையது என்பதும் பின்னரே தெளிவாயின. 1996இல் ஒக்கசாக்கியிலுள்ள அடிப்படை உயிரியல் நிறுவகத்திற்கும், 2009இல் தோக்கியோ தொழினுட்பக் கழகத்திற்கும் ஓசுமி சென்றார். 2016ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. 2017இல் அடிப்படை விஞ்ஞானத்துக்கு உதவும் நிதியமொன்றை அவர் நிறுவினார்.

1988இல் இவற்றுள் எதனையும் அவர் உறுதியளித்திருக்க முடியாது. அன்று அவரிடமிருந்தவை ஒரு வினாவும், அதனைத் தொடர்வதற்கான சுதந்திரமுமே. இன்றைய அளவுகோல்களால் அளக்கப்பட்டிருப்பின் அச்சுதந்திரம் அவருக்குக் கிட்டியிருக்குமா? இவ்வினாவை நாம் எமது பல்கலைக்கழகங்களை நோக்கியும் எழுப்புதல் வேண்டும்.